ஆய்வுகூடங்களில் உறங்கும் கண்டுபிடிப்புகள்: தட்டியெழுப்புவது யார்?

போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்த 2004ஆம் ஆண்டில், அப்போது நான் பணியாற்றிக்கொண்டிருந்த பத்திரிகைக்காக எமது நாட்டின் பல்கலைக்கழகமொன்றைச் சேர்ந்த விரிவுரையாளர் ஒருவரைப் பேட்டி காணச் சென்றிருந்தேன். மழைக்காலத்திலும் மிளகாயை உலர்த்தக்கூடிய சிறியதொரு உலர்த்தியை அவர் உருவாக்கியிருந்தார். நெல் உமியை எரித்துப் பெறும் வெப்பத்தில் அது இயங்கியது. புகை மிளகாயைத் தொடாதவாறு சூடான காற்றை மாத்திரம் உள்ளே செலுத்துவதற்கு அவர் செய்திருந்த ஏற்பாடே அதன் சிறப்பு. மாரி மழையில் மிளகாய் பூஞ்சணம் பிடித்து நாசமாவதைக் கண்டு வளர்ந்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளை அவர். கேட்டதும் மகிழ்ச்சியுடன் ஒரு தாளை எடுத்து உலர்த்தியின் உள்ளமைப்பை வரைந்து தந்தார். நாமும் அந்தப் படத்துடன், நான்கு பத்தித் தலைப்பிட்டு, செய்தியைச் சிறப்பாகப் பிரசுரித்தோம். அன்று நான் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

ஏழெட்டு வருடங்களின் பின்னர் ஒரு திருமண வீட்டில் அவரைச் சந்தித்தபோது, "உங்களுடைய உலர்த்தி என்னவாயிற்று?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கதையைச் சொன்னார். செய்தி வெளிவந்த சில மாதங்களில், பத்திரிகை நறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வியாபாரி அதேபோன்ற உலர்த்திகளைச் செய்து விற்கத் தொடங்கியிருக்கிறார். செலவைக் குறைப்பதற்காக வெப்பமாற்றும் குழாய்களைத் தவிர்த்துவிட்டார். செத்தல் மிளகாயில் புகை நாற்றம் ஏறிவிட்டது. வாங்கிய விவசாயிகள் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. விரிவுரையாளர் சட்டத்தரணி ஒருவரிடம் போனபோது காலம் கடந்துவிட்டிருந்தது. "நீங்கள் படம் போட்டதில் பிழையில்லை. நான் தந்தேன், நீங்கள் போட்டீர்கள். ஆனால், ஒரு வருடத்துக்குள் விண்ணப்பம் போடவேண்டும் என்று எனக்குச் சொல்வதற்குத்தான் ஒருவரும் இருக்கவில்லை" என்றார் அவர். மூல உலர்த்தி அவருடைய பீடத்தின் பின்விறாந்தையில் உடைந்த கதிரைகளுடன் துருப்பிடித்துக் கிடந்ததாம்.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, கண்டுபிடித்தவர் தாமே தமது கண்டுபிடிப்பைப் பகிரங்கப்படுத்திவிட்டாலும் ஒரு வருடத்துக்குள் ஆக்கவுரிமைக்கு, அதாவது பேட்டன்டுக்கு விண்ணப்பித்தால் அவரது உரிமை கெடாது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்த காலம் அது. சட்டம் இருந்தது, கண்டுபிடிப்பு இருந்தது, தேவையும் இருந்தது. இவற்றை இணைப்பதற்கு ஓர் ஆள் இல்லாததால் எல்லாமே வீணாகிப் போயின. எமது பல்கலைக்கழகங்களின் ஆய்வுகளைத் தொழில் முயற்சிகளாக மாற்றவேண்டும் என்று அமைச்சர்களும் துணைவேந்தர்களும் மேடைகளில் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த விறாந்தைதான் நினைவுக்கு வருகிறது.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான விதத்தில் ஒரு பத்திரிகைச் செய்தி பயன்பட்ட வரலாறும் இருக்கிறது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி கோஹெனும் சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஹேர்பர்ட் போயரும் 1972 நவம்பரில் ஹொனலுலுவில் நடைபெற்ற ஒரு மகாநாட்டில் சந்தித்தனர். ஓர் உயிரியின் மரபணுத் துண்டை வெட்டியெடுத்து பக்டீரியாவினுள் புகுத்திப் பெருக்கும் முறையொன்றை அவர்கள் இருவரும் சேர்ந்து உருவாக்கினர். 1973 நவம்பரில் அது ஆய்வுக்கட்டுரையாக வெளியானது. ஆக்கவுரிமை பற்றி இருவரும் யோசிக்கவேயில்லை. 1974 மே மாதத்தில் அந்த ஆராய்ச்சி குறித்து 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகையில் வெளியான ஒரு செய்தி, ஸ்டான்போர்டில் பணியாற்றிய நீல்ஸ் ரைமர்ஸ் என்பவரின் கவனத்துக்கு வந்தது. அவர் தொலைபேசியை எடுத்து கோஹெனுடன் பேசினார்.

கோஹென் முதலில் இணங்கவில்லை. எத்தனையோ பேரின் பல்லாண்டுகால அடிப்படை ஆய்வுகளின் மீது எழுந்த ஒன்றுக்குத் தாம் உரிமை கோருவது முறையா என்று அவர் தயங்கினார். அது நேர்மையான தயக்கம். ரைமர்ஸ் பொறுமையாகப் பேசி அவரை இணங்கச் செய்தார். 1974 நவம்பர் 4ஆம் திகதி விண்ணப்பம் தாக்கல் செய்யப்பட்டது. அமெரிக்கச் சட்டம் அனுமதித்த ஒரு வருட அவகாசம் முடிவதற்கு அப்போது எஞ்சியிருந்தது ஒரேயொரு வாரம்தான். அத்தகைய அவகாசத்தை அனுமதிக்காத வெளிநாடுகளில் உரிமை பறிபோயிற்று. 1980 டிசம்பரில் வழங்கப்பட்ட அந்த ஆக்கவுரிமை 1997இல் காலாவதியாகும் வரை இரு பல்கலைக்கழகங்களுக்குமாக 255 மில்லியன் டொலர் வருமானத்தை ஈட்டிக்கொடுத்தது. எந்தவொரு கம்பனிக்கும் தனியுரிமையாகக் கொடுக்காமல், கேட்டவர்கள் அனைவருக்கும் கட்டுப்படியாகும் கட்டணத்துக்கு அனுமதி வழங்கினார்கள். 468 கம்பனிகள் பெற்றுக்கொண்டன. ஒரு துறையே அதிலிருந்து பிறந்தது.

இந்த ரைமர்ஸ் யார்? விஞ்ஞானியுமல்லர், பெரும் முதலீட்டாளருமல்லர். பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி ஒப்பந்தங்களைக் கவனிக்கும் அலுவலகத்தில் இருந்த ஒரு பொறியியலாளர். பேராசிரியர்களின் கண்டுபிடிப்புகளை வெளியாரிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருந்ததால் அதுவரை பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது அற்பத் தொகையே என்பதைக் கண்டு, 1960களின் பிற்பகுதியில் ஒரு பரீட்சார்த்த முயற்சியை ஆரம்பித்தார். அதுவே 1970இல் தனி அலுவலகமாயிற்று. சட்டநுணுக்கம் தெரிந்தவர்களைக் காட்டிலும் சந்தையைத் தெரிந்தவர்களே அந்த அலுவலகத்தில் முக்கியமாக இருக்கவேண்டும் என்று அவர் கருதினார். ஒரு கண்டுபிடிப்பைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஒருவரே பொறுப்பேற்றுக் கவனிக்கவேண்டும் என்பதும் அவரது நடைமுறை. கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு ஊர்ந்து செல்லும் எமது நிர்வாகமுறையுடன் இதை ஒப்பிட்டுப் பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தக் கதையின் மறுபாதி போயருடையது. 1976 ஜனவரியில் ரொபேர்ட் சுவான்சன் என்ற இளைஞர் அவரைத் தேடி வந்தார். வயது முப்பதைத் தொடவில்லை. முதலீட்டு நிறுவனமொன்றில் வேலை செய்தவர். பத்து நிமிடங்கள்தான் ஒதுக்கமுடியும் என்று சொன்ன போயர் அவருடன் மூன்று மணிநேரம் பேசிக்கொண்டிருந்தார். ஆளுக்கு 500 டொலர் போட்டு அவர்கள் ஆரம்பித்த கம்பனியே ஜெனென்டெக். அதுவரை பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்தே இன்சுலின் எடுக்கப்பட்டது. 1978இல் ஜெனென்டெக்கும் அதனுடன் சேர்ந்து பணியாற்றிய விஞ்ஞானிகளும் பக்டீரியாவைக் கொண்டு மனித இன்சுலினை உற்பத்தி செய்து காட்டினார்கள். எலி லில்லி கம்பனியின் மூலமாக 1982இல் அது மருந்தாக வந்தது. இன்று எமது ஊர்களில் நீரிழிவு நோயாளர்கள் ஏற்றிக்கொள்ளும் இன்சுலின் அந்த வழியில் வந்ததே. போயர் தமது ஆய்வுகூடத்தை விட்டுவிட்டு வியாபாரம் கற்கப் போகவில்லை. வியாபாரம் தெரிந்தவர் அவரிடம் வந்தார் என்பதே இங்கு கவனிக்கவேண்டிய விடயம்.

செல்வந்த நாடுகளில் எல்லாம் இது இயல்பாகவே நடந்துவிடுகிறது என்று எண்ணிவிடக்கூடாது. கேம்பிரிட்ஜில் மருத்துவ ஆராய்ச்சிப் பேரவையின் ஆய்வுகூடத்தில் சேசர் மில்ஸ்டீனும் ஜோர்ஜஸ் கோலரும், ஒரே இயல்புடைய பிறபொருளெதிரிகளை வேண்டிய அளவு உற்பத்தி செய்யும் முறையைக் கண்டுபிடித்து 1975 ஆகஸ்டில் கட்டுரை வெளியிட்டார்கள். விடயம் அரசாங்கக் கூட்டுத்தாபனமொன்றுக்கு அறிவிக்கப்பட்டது. ஆனால், உடனடியான நடைமுறைப் பயன் எதுவும் தென்படவில்லை என்ற பதில் வந்துசேர்ந்ததோ ஓராண்டுக்கும் மேல் கழித்து, 1976 ஒக்டோபரில். அதற்குள் கட்டுரை உலகெங்கும் வாசிக்கப்பட்டுவிட்டது. பிரித்தானியாவில் உரிமை கோர வழியில்லாமற் போனது. 1984இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால், அந்த முறையைப் பயன்படுத்திய ஆரம்ப ஆக்கவுரிமைகளில் சில அமெரிக்காவுக்குப் போயின.

பிரித்தானியர்கள் அந்த அனுபவத்தில் பாடம் படித்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. அதே ஆய்வுகூடத்தில் கிரெக் வின்டர் அந்த மூலக்கூறுகளை மனித உடலுக்கு ஏற்றவையாக மாற்றியமைத்தபோது ஆக்கவுரிமைகள் பாதுகாக்கப்பட்டன. 1989இல் கேம்பிரிட்ஜ் அன்டிபொடி டெக்னோலஜி என்ற கம்பனி ஆரம்பிக்கப்பட்டது. மூட்டுவாத நோயாளர்களுக்குப் பெரும் ஆறுதலளித்த 'ஹியூமிரா' மருந்து அங்கிருந்து தொடங்கிய பாதையில் 2002இன் இறுதியில் அங்கீகாரம் பெற்றது. வின்டரும் 2018இல் நோபல் பரிசு பெற்றார். ஆய்வுகூடம் அதே ஆய்வுகூடம்தான். வாசலில் ஒரு காவலாளி நின்றதுதான் வித்தியாசம்.

அமெரிக்க அரசாங்கத்தின் பணத்தில் நடைபெறும் ஆய்வுகளின் கண்டுபிடிப்புகளைப் பல்கலைக்கழகங்களே சொந்தமாக வைத்துக்கொள்ள அனுமதிக்கும் பே–டோல் சட்டம் 1980 டிசம்பரில் நிறைவேறியது. ஜனநாயகக் கட்சி செனட்டர் ஒருவரும் குடியரசுக் கட்சி செனட்டர் ஒருவரும் சேர்ந்து கொண்டுவந்த சட்டம் அது. பல நாடுகள் அதைப் பார்த்துச் சட்டம் இயற்றின. எமது நாட்டிலும் அவ்வாறான கோரிக்கை அடிக்கடி எழுகிறது. சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், ரைமர்ஸ் தொலைபேசியில் கோஹெனை அழைத்தது அந்தச் சட்டம் வருவதற்கு ஆறு வருடங்கள் முன்னதாக என்பதை மறந்துவிடக்கூடாது.

இனி எமது வீட்டுக்கு வருவோம். ஹோமாகமையில் இருக்கும் இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனம் 2008இல் அரசாங்கமும் தனியார் கம்பனிகளும் கூட்டுச் சேர்ந்து அமைத்தது. அங்கு எமது பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இணைந்து யூரியாவை மெதுவாக வெளிவிடும் ஒரு நனோ உரத்தை உருவாக்கினார்கள். எலும்பிலுள்ள கனிமத்தை ஒத்த நுண்துகள்களில் யூரியாவை ஒட்டவைப்பதே அதன் உத்தி. சாதாரண யூரியா மழைநீரில் கரைந்து ஓடிவிடும். இதுவோ பயிருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். யூரியாவின் அளவைப் பாதியாகக் குறைத்தும் நெல் விளைச்சல் குறையவில்லை என்று வயல் பரிசோதனைகளின் அடிப்படையில் அவர்கள் எழுதிய கட்டுரை 2017இல் சர்வதேசப் புகழ்பெற்ற சஞ்சிகையொன்றில் வெளியானது.

நான்கு வருடங்கள் கழித்து, 2021 மே மாதத்தில், இரசாயன உர இறக்குமதி ஒரே நாளில் தடைசெய்யப்பட்டது. விவசாயிகள் வீதியில் இறங்கினார்கள். பெரும்போகத்தை நெருங்கிய வேளையில் அரசாங்கம் இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவ உரத்தை விமானத்தில் தருவித்தது. அது வேறு தொழில்நுட்பம், எமது விஞ்ஞானிகளுடையது வேறு தொழில்நுட்பம். இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனாலும், உரத்தைச் சிக்கனப்படுத்துவதற்கு உலகம் பாராட்டிய வழியொன்றை எமது மண்ணிலேயே கண்டுபிடித்திருந்த நாடு, நெருக்கடி வந்தபோது விவசாயிக்கு அதைப் பரவலாகக் கொடுக்கக்கூடிய நிலையில் இருக்கவில்லையே என்ற கேள்வி அன்று எனக்கு எழுந்தது. சஞ்சிகையில் வெளியான கட்டுரைக்கும் கிளிநொச்சி வயலுக்கும் இடையில் ஒரு தொழிற்சாலை இருக்கவேண்டும், அதற்கு முன்னால் ஒரு மாதிரி ஆலை இருக்கவேண்டும், அதற்கும் முன்னால் இழப்பதற்குத் துணிந்த சிறியதொரு முதலீடு இருக்கவேண்டும். ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்குமாக மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.1 சதவீதத்தை மாத்திரம் செலவிடும் நாட்டில் அந்தப் படிகளில் எதுவும் தானாக முளைக்கப்போவதில்லை.

இந்த இடத்தில் இடதுசாரி நண்பர்கள் குறுக்கிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். இலவசக் கல்வியில் படித்து, மக்களின் வரிப்பணத்தில் ஆய்வு செய்து, கடைசியில் விரிவுரையாளர்கள் கம்பனிச் சொந்தக்காரர்களாவதா? பல்கலைக்கழகங்கள் கடைத்தெருவாக மாறிவிடாதா? நியாயமான கேள்விகள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் வளர்ச்சி ஹோர்மோன் ஆக்கவுரிமை தொடர்பாக ஜெனென்டெக்குடன் வழக்காடி, 1999இல் 200 மில்லியன் டொலருக்குச் சமரசம் செய்துகொண்ட வரலாறும் இருக்கிறது. பணம் வந்தால் பிணக்கும் வரும். அத்துடன், உலகெங்கும் இத்தகைய பல்கலைக்கழக அலுவலகங்களில் பெரும்பாலானவை தமது செலவையே ஈடுசெய்வதில்லை என்பதும் உண்மை. இதனால் பல்கலைக்கழகங்கள் செல்வம் கொழிக்கும் என்று எவராவது சொன்னால் நம்பவேண்டாம்.

ஆனால், உரிமை கோருவதெல்லாம் பேராசை அல்ல. கனடாவில் இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் அதன் ஆக்கவுரிமையை ஆளுக்கு ஒரு டொலர் பெற்றுக்கொண்டு 1923இல் டொரொன்டோ பல்கலைக்கழகத்திடம் கையளித்தார்கள். வேறு எவராவது அதற்கு ஏகபோக உரிமை கோரிவிடாதபடி மக்களுக்குக் காவல் வைப்பதே அவர்களது நோக்கமாக இருந்தது. எமது விரிவுரையாளரிடம் உரிமை இருந்திருந்தால் அந்த வியாபாரி குழாய்களைத் தவிர்த்த உலர்த்தியை விற்றிருக்க முடியாது. மக்களின் பணத்தில் நடைபெற்ற ஆய்வு அலுமாரியில் கிடப்பதுதான் மக்களுக்குச் செய்யும் பெரிய துரோகம் என்பது எனது அபிப்பிராயம்.

செய்யவேண்டியது என்ன? உலகவங்கியின் உதவியுடன் 2017இல் ஆரம்பிக்கப்பட்ட திட்டத்தின் கீழ் எமது பல்கலைக்கழகங்களில் வர்த்தகத்துறையுடனான இணைப்பு அலகுகள் உருவாக்கப்பட்டன. நல்ல காரியம். ஆனால், விரிவுரை, பரீட்சை, விடைத்தாள் திருத்தம் என்பவற்றுக்கு மேலதிகமாக ஒரு விரிவுரையாளர் சுமக்கும் இன்னொரு பாரமாக அது இருந்தால் பயனில்லை. அதற்கெனவே முழுநேரமாக ஒருவர் வேண்டும். அவர் அலுவலகத்தில் இருந்து விண்ணப்பம் வரும்வரை காத்திருப்பவராக இருக்கக்கூடாது. ஆய்வுகூடம் ஆய்வுகூடமாகப் போய், "என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், எழுதி அனுப்புவதற்கு முன்னர் எனக்கு ஒருமுறை காட்டுங்கள்" என்று கேட்பவராக இருக்கவேண்டும். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே அப்படியொருவரை வைத்திருக்க வசதியில்லையென்றால், யாழ்ப்பாணம், வவுனியா, கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்கள் கூட்டாக ஓர் அலுவலகத்தை வைத்திருக்கலாம்.

அடுத்தது காலமும் காசும். கம்பனி தொடங்க விரும்பும் விரிவுரையாளருக்குப் பதவியை இழக்காமல் இரண்டு வருட விடுமுறை கொடுக்கவேண்டும். மாதிரி ஒன்றைச் செய்துபார்ப்பதற்குச் சிறிய தொகையொன்றை, திரும்பி வராமற் போகலாம் என்பதை ஏற்றுக்கொண்டே வழங்கவேண்டும். தோற்றவரைக் கணக்காய்வாளர்கள் குற்றவாளிக்கூண்டில் ஏற்றக்கூடாது. பல்கலைக்கழகத்தின் பங்கு எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். பிரித்தானியாவில் 2023இல் வெளியான சுயாதீன மீளாய்வொன்று, உயிரியல் விஞ்ஞானக் கம்பனிகளில் 10 முதல் 25 சதவீதமும், மென்பொருள் போன்றவற்றில் 10 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டால் போதுமென்ற நெறிமுறையை ஆதரித்தது. அதற்கு மேல் கேட்டால் முதலீட்டாளர்கள் ஓடிவிடுவார்கள் என்பதை அனுபவத்தில் கண்ட பின்னர் வந்த ஞானம் அது. கன்று ஈனுவதற்கு முன்னரே பால் பங்கு கேட்டுச் சண்டைபிடிக்கும் வழக்கம் எமக்கும் புதியதல்ல.

கடைசியாக ஒரு சுவான்சன் வேண்டும். விஞ்ஞானியையே முகாமையாளராகவும் கணக்காளராகவும் விற்பனையாளராகவும் மாறச் சொல்வது அவரையும் கெடுத்து ஆய்வையும் கெடுப்பதாகவே முடியும். கம்பனி நடத்தத் தெரிந்த தமிழர்கள் லண்டனிலும் டொரொன்டோவிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். பழைய மாணவர் சங்கங்களின் ஊடாகக் கட்டிடங்களுக்கும் கணினிகளுக்கும் அவர்களிடம் பணம் கேட்டுக்கொண்டேயிருக்கிறோம். அவர்களிடம் இருக்கும் அனுபவத்தைக் கேட்டதுண்டா? வருடத்தில் ஒரு மாதம் வந்து ஓர் ஆய்வுகூடத்தில் இருந்து பாருங்கள் என்று எவராவது அழைத்ததுண்டா? 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் நாட்டைவிட்டு வெளியேறிய இளம் விரிவுரையாளர்களின் இடங்கள் இன்னமும் முழுமையாக நிரப்பப்படவில்லை. எஞ்சியிருப்பவர்களுக்கு, தமது அறிவு இந்த மண்ணிலேயே பயன்படும் என்ற நம்பிக்கையைக் கொடுப்பதற்குச் சம்பள உயர்வு மாத்திரம் போதாது.

எமது பத்திரிகைத் தொழிலுக்கும் இதில் ஒரு பொறுப்பு இருக்கிறது. 'அரிய கண்டுபிடிப்பு' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு மறுநாள் வேறு செய்திக்குப் போய்விடுகிறோம். ஒரு வருடம் கழித்துத் திரும்பிப்போய், அந்தக் கண்டுபிடிப்பு என்னவாயிற்று என்று கேட்பவர்கள் எம்மில் அரிது. நானும் கேட்கவில்லை. அன்று பேட்டி முடிந்து எழும்பும்போது "விண்ணப்பித்துவிட்டீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், இன்று மாரிகாலத்தில் சில நூறு விவசாயக் குடும்பங்களாவது மிளகாயைக் காப்பாற்றியிருக்கும். இப்போதெல்லாம் விஞ்ஞானச் செய்தியுடன் வரும் இளம் செய்தியாளர்களிடம் நான் முதலில் கேட்பது அந்தக் கேள்வியைத்தான். அவர்கள் என்னை விசித்திரமாகப் பார்க்கிறார்கள். பரவாயில்லை. பதில் 'இல்லை' என்றால், செய்தியை ஒரு வாரம் பிந்திப் போடுமாறு சொல்லிவிடுகிறேன்.